கேள்வி பதினொன்று

தளம் ‘ஆ’ என்றுதான் எழுத வேண்டும்.
ஏரிக்கு ஒரு பெயர் உண்டு,
பேருந்து நிறுத்தத்துக்கும் அதேதான்,
கண்டக்டர் பாதியை விழுங்கிவிட்டுக் கூவுவார்.
இருந்தாலும் தளம் ‘ஆ’.

டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குப் பக்கத்தில்
காற்றுப் பம்பை ஏற்றிக் கட்டினோம்.
நிமிடத்துக்குப் பத்து லிட்டர் இழுக்கும்,
சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளைவிடக் கொஞ்சம் அதிகம்.
அதன் தொண்டையில் உள்ளங்கையளவு வெள்ளைத் தாள்.
தினம் ஒருமுறை
இடுக்கியால் எடுத்துப் பனிப்பெட்டியில் வைப்பேன்.
ஜெபசீலி தேதி எழுதுவாள்.

வைகாசி.
தண்ணீர் இறங்கிக் கரையோரம்
யாரோ டிஸ்டெம்பர் வாளியைக் கவிழ்த்த மாதிரி
கெட்டியாய்ப் பாசி.
அலை என்று ஒன்றும் இல்லை, ஆனாலும்
சாக்கடை விழும் இடத்தில் குமிழிகள் உடைகின்றன,
ஒவ்வொரு உடைப்புக்கும் கண்ணில் படாத துளி ஒன்று
மேலே ஏறுகிறது.
அதைத்தான் தேடுகிறோம்.
மதியம் கடற்காற்று நுழைந்தால் மேற்குக் கரைக்குப் போகும்.
ராத்திரி காற்று திரும்பினால்
கிழக்கே, லிஃப்ட் வைத்த வீடுகளுக்கு.
காற்றுக்கு ஓரவஞ்சனை கிடையாது,
ஷிஃப்ட் உண்டு.

“ஊதுங்க.”
ஆரோக்கியதாஸ் ஆட்டோவிலிருந்து இறங்கவே இல்லை.
“காலையிலேயேவா? நான் குடிக்கிறதில்ல மேடம்.”
போலீஸ் இல்லை என்று அடையாள அட்டையைக் காட்டினேன்.
ஊதினார். முள் முந்நூற்றுப் பத்தில் நின்றது.
“பாஸா?” என்றார்.

கேள்வி பதினொன்று:
கடந்த பதினான்கு நாட்களில் இருமல் இருந்ததா?

மேற்குக் கரையில் நாற்பத்து மூன்று வீடு.
இல்லை. இல்லை. இல்லவே இல்லை.
இந்த ஊரில் இத்தனை சுத்தமான நெஞ்சுகளை
ஒரே தெருவில் நான் பார்த்ததில்லை.
போன முறை ஃபாரத்தோடு வந்தவர்கள்
சுவரில் சிவப்பு எண் போட்டார்கள்,
முழுப் பரீட்சைக்கு நடுவே லாரி வந்தது,
பாதித் தெரு இப்போது பெரும்பாக்கத்தில், ஏழாவது மாடியில்.
“ஏரியால உடம்புக்கு ஆவலன்னு
நாங்களே எழுதிக் குடுக்கணுமாக்கும்?”

கிழக்குக் கரையில் அசோசியேஷன் செயலர் ஸ்ரீவத்சன்
ஃபில்டர் காபி தந்தார்.
அறுபது வீட்டுக்கும் இருமல் என்று போட்டுக்கொள்ளச் சொன்னார்.
சிலருக்கு நிஜமாகவே இருந்தது.
“கோர்ட்ல காட்டலாம் பாருங்க,
அந்தப் பக்கத்தைக் காலி பண்ணினாத்தான் ஏரி பிழைக்கும்.”
அவர்களுடைய கழிவுக் குழாய் எங்கே போய் முடிகிறது
என்று எங்கள் படிவத்தில் கேள்வி இல்லை.

பிரமிளா, வயது முப்பத்து நான்கு, இட்லி மாவு வியாபாரம்.
இல்லை என்றாள். ஊதினாள். இருநூற்று முப்பது.
மறுபடி. இருநூற்றுப் பத்து.
“மெஷின் பழசு போல” என்றாள், என்னைப் பார்க்காமல்.
கையெழுத்துப் போட்டாள், கதவைச் சாத்தினாள்,
அதுவரை அடக்கி வைத்தது
தகரத்துக்கு அந்தப் பக்கம் வெடித்தது.
ஐந்து. ஆறு. கொஞ்சம் இடைவெளி. ஏழு.
வாசலில் நின்று எண்ணினேன்.
ஒட்டுக்கேட்டதை எழுதக் கட்டம் இல்லை.
பதினொன்றில் ‘இல்லை’யைச் சுற்றி வட்டம் போட்டேன்.
வட்டம் சரியாக மூடவில்லை.

அன்றைக்குக் கடற்காற்று தாமதம்,
நாலரைக்குத்தான் நுழைந்தது.
ஏரியிலிருந்து ஈரமண் வாசனை.
கோடையின் முதல் மழைக்கு வருமே, அச்சு அசல் அதுதான்.
அந்த வாசனையைப் பாசியும் செய்யும்,
முதல் வருடமே படித்திருக்கிறேன்.
பிரமிளாவின் பையன் மட்டையைப் போட்டுவிட்டு
“மழைடா!” என்று கத்தினான்.
தெருவே முகத்தைத் தூக்கி
நெஞ்சு நிறைய இழுத்தது.
வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

தெரிந்தும்
நானும் இழுத்தேன்.