தொண்டை இல்லாத பறவை

மழை, பெண்களுக்கு.
ஐந்தருவி, ஐந்து ஆல்ட்டோக்களுக்கு.
பணகுடிக் கணவாய்க் காற்று
மூச்சு நீளம் என்று செய்யதலிக்கு.
மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிற எனக்கு
கூந்தன்குளத்து மஞ்சமூக்கு நாரை.

பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட மாடி.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் ஒத்திகை.
கெத்சியாள் டீச்சர் நாரைக்கென்று
ஒரு மெட்டு எழுதியிருந்தார்,
மேலே போய், வளைந்து,
குளத்தில் கால் வைக்கிற மாதிரி.
மூன்று வாரம் பாடித் திரிந்தேன்
ஊரார் மீட்டர் பெட்டிகளைத் திறந்துகொண்டு.

நாலாவது சனிக்கிழமை
பறவைக் காவலர் பால்துரை வந்தார்.
தொப்பியை மடியில் வைத்து முழுக்கக் கேட்டார்.
"பாட்டு நல்லாத்தான் இருக்கு வே.
நாரைக்குத் தொண்டை கிடையாதுல்லா.
அலகோட அலகைத் தட்டும்,
அம்புட்டுதான்."

டீச்சர் என் மெட்டைப் பென்சிலால்
ஒரே கோட்டில் அடித்தார்.
அந்த இடத்தில் எழுதினார்: பல்.

சிமென்ட் அடைத்த கடைவாய்ப் பல்
நல்ல சத்தம் தந்தது.

வைகாசிக் கடைசி வெள்ளி. அரங்கு நிறைந்திருந்தது.
பெண்கள் உள்ளங்கையில் ஒரு விரலால் தூறினார்கள்,
பிறகு இரண்டு, பிறகு கை முழுக்க.
முன்வரிசையில் ஒருவர்
வண்டி சீட்டு நனையுமே என்று எழுந்துபோய்
வெளியே புழுதியைப் பார்த்துத் திரும்பினார்.
செய்யதலி காற்றை அவிழ்த்துவிட்டான்,
பக்கத்தில் நின்ற எனக்குப் பிடரி சில்லிட்டது.

என் பங்கு நாற்பது நொடி.
டக். டக்டக். டக்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
அப்புறம் சிரிக்கவில்லை.
மூன்றாம் வரிசையில் பால்துரை
என்னைப் பார்க்கவே இல்லை.
தலையைப் பின்னால் சாய்த்து
அரங்கின் கூரையைப் பார்த்தார்,
அங்கே ஒரு கருவேலமரம் நிற்பதுபோல.

டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.
சரியா இருந்துச்சா?
"பெரிசு சரிதான். குஞ்சைக் காணோமே."
குஞ்சா?
"அது கத்தும் வே. ஊரே தூங்க முடியாது.
வளர வளரக் குரல் போயிரும்."
டம்ளரைக் கவிழ்த்துவிட்டு
மூலைக்கரைப்பட்டி பஸ்ஸில் ஏறினார்.

அப்போது எனக்குப் பதினாலு.
கோயில் பாடகர் குழுவில் உச்சக் குரல்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்
ஆமென் பாதியில் பிளந்தது.
வெள்ளை அங்கியைத் துவைத்து
நீலம் போட்டு
மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை டீச்சரிடம் சொல்ல வேண்டும்:
குஞ்சுக்கு ஒரு பையன் வேணும்.
சீக்கிரம்.