முனையம்

நாலு வருஷமாக வலது கீழ் மூலையில்
அந்த வரி நின்றது:
இந்தப் பிரதி அசல் அல்ல.

ஷிப்பிங் ஆபீஸ் ஏலத்தில்
மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்த பெட்டி.
பழங்கட்டிலோடு மூட்டைப்பூச்சி வருகிற மாதிரி
வரியும் கூடவே வந்தது.
மோனிஷா மயில் வரைந்தால் தோகைக்கு மேல்.
தேசப்பன் டீசல் கணக்கு எழுதினால்
கூட்டுத்தொகைக்கு மேல்.
இந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில்
பதினெட்டு வருஷமாக எங்களுக்கும்தான் பட்டா இல்லை.
அதை யாரும்
சுவர் மூலையில் எழுதி வைக்கவில்லை.

யார்டில் கேட் பாஸ் போடும் யாக்கூப்
டிபன் டப்பா மூடியில் வைத்துப்
பென் டிரைவை நீட்டினான்.
"துட்டு எவ்ளோ?"
"துட்டெல்லாம் இல்லக்கா. போட்டுப் பாரு.
புடிக்கலன்னா வேற யாருக்காவது குடு."
சும்மா கிடைக்கிற எதையும்
ஒருமுறை முகர்ந்து பார்ப்பது என் வழக்கம்.
மிக்சி கொடுத்தபோதும் முகர்ந்தேன்.

ஞாயிறு ராத்திரி
மணலிக் காற்று உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு
உட்கார்ந்தேன்.
எஃப் பன்னிரண்டை அழுத்தச் சொல்லியிருந்தான்.
முதல் தரம் பிந்திவிட்டேன்.
இரண்டாம் தரம் முந்திவிட்டேன்.
மூன்றாவதில் கதவு திறந்தது.
மொழிப் பட்டியலை உருட்டிக்கொண்டே போனால்
பஞ்சாபிக்கும் தெலுங்குக்கும் நடுவில்
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது தமிழ்,
ஐம்பத்தாறு சி-யில் கடைசி சீட்டு கிடைத்தமாதிரி.

நிறுவாமல் முயன்று பார், என்றது.
கல்யாணம் உட்பட
எதுவும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

முயன்றேன். படம் ஓடியது, சத்தம் வரவில்லை.
வைஃபை வரவில்லை.
போனை ஒயரில் கோத்ததும் வந்தது.
பிறகு நிறுவு.
வட்டை முழுதாக அழிக்கட்டுமா?
எழுந்துபோய், மோனிஷாவின் மூன்று வயசுப் படங்கள்
போனில் இருக்கின்றனவா என்று பார்த்தேன்.
திரும்ப ஒருமுறை பார்த்தேன்.
அழி.

அறுபத்து மூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.

பிளாக் மொத்தமும் "ஹோ" என்றது.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் மட்டும்
வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போயின.
பழையது போய்விட்டது, புதியது வரவில்லை.
அரை மணி நேரம் அந்தப் பெட்டி
அசலுமில்லை, போலியுமில்லை.
வெறும் தகரம்.
"இன்னாடி, பூட்ச்சா?"
இருட்டுக்குள் தேசப்பன்.
தெரியல என்றேன்.
கொசுவை அடித்தேன்.

பதினொன்றே காலுக்கு வந்தது.
முதலிலிருந்து.

ஒன்றரை மணிக்கு, யாக்கூப் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டைப் பார்த்து
ஒரு கறுப்புச் சதுரத்தைத் திறந்தேன்.
தலைப்பில் முனையம் என்றிருந்தது.
சிரித்துவிட்டேன்.
நான் தினமும் எட்டரைக்குப் போய்ச் சேரும் இடத்துக்கும்
போர்டில் அதே பேர்தான்: பெட்டக முனையம்.
அங்கே பெட்டி நம்பரில் ஓர் எழுத்து தப்பினால்
லாரி கேட்டிலேயே நிற்கும், பின்னால் காசிமேடு வரைக்கும் ஹாரன்.
இங்கே ஹாரன் கிடையாது.
அப்படி ஒரு கட்டளை இல்லை, அவ்வளவுதான்.

கடவுச்சொல் கேட்டது.
தட்டினேன்; ஒரு புள்ளிகூட விழவில்லை.
கீபோர்டு செத்துவிட்டதென்று கவிழ்த்துத் தட்டினேன்,
இரண்டு மிக்சர் கடலை விழுந்தன.
அப்புறம்தான் புரிந்தது:
உள்ளே வாங்கிக்கொள்கிறது,
எத்தனை எழுத்தென்று பக்கத்திலிருப்பவனுக்குக்கூடக்
காட்டிக்கொடுக்காது.
பக்கத்திலிருந்தவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு பட்டியலில் "அமைப்புகல்".
ளகரம் வழுக்கியிருந்தது.
யாரோ நடு ராத்திரியில், கண் சொருக,
சம்பளமில்லாமல் தட்டிய எழுத்து.
இந்தப் பெட்டிக்குள் ஆள் இருப்பது
அந்தத் தப்பில்தான் தெரிந்தது.
அதைத் திருத்தலாமாம், நானே.
எப்படி என்று கேட்கணும்.

காலையில் தேசப்பன் பல் குச்சியோடு நின்றான்.
"கலர் மாறிகீது. இன்னா தேடற அந்த மூலைல?"
ஒன்றுமில்லை என்றேன்.
ஒன்றுமே இல்லை அங்கே.

சத்தம் இன்னும் வரவில்லை.