ஈஸ்டர், விடிகாலை மூன்றரை

எலத்தகிரிக் கோயில் மணி ஓய்ந்தும்
மொட்டைமாடி பகல் சூட்டை விடவில்லை.
பாதி எரியுமுன்பே கையில் வளைந்துபோயின
மெழுகுவர்த்திகள்.
அல்லேலூயா பாடிய வாயோடு நேராகச்
சின்னப்பன் கொட்டகையில் வரிசை,
பன்றிக்கறிக்கு.

நாற்பது நாள் கொள்ளுக் கடைசல்.
அதைப் பற்றி இனிப் பேச்சில்லை.

கொல்லையில் விறகடுப்பு.
இதயா வெங்காயம் உரிக்கிறாள்.
நான் நறுக்குவது கிளிமூக்கு மாங்காய்,
முனிரத்தினம் வீட்டு மரத்தினுடையது,
நேற்றுச் சுவர் தாண்டி வந்தது.
கொழுப்பு உருகும் நேரம் பார்த்துப் போட்டால்
புளியே வேண்டாம்.
பதினோரு மணிக்கு மேல் இந்த வெயிலில்
எவன் கறி தின்பான்?
விடியுமுன் களி கிண்டி, தின்று,
ஃபேனுக்கடியில் விழுந்துவிட வேண்டும்.

சுவருக்கு அப்பால் இருமல்.
மாரியம்மனுக்குச் செவ்வாயன்றே
காப்புக் கட்டியாயிற்று அவர்களுக்கு.
இன்னும் பத்து நாள்
முட்டைகூட அந்த வாசல் ஏறாது.

"வெந்துருச்சா?" இருட்டிலிருந்து முனிரத்தினம்.
"வேகுதுண்ணா. வாசம் வருதா?
சன்னலைச் சாத்திக்குங்க."
"காப்பு கையிலதாம்மா கட்டியிருக்கு.
மூக்குல இல்ல."

இதயா சிரித்த சிரிப்பில்
கரண்டி சாம்பலில் விழுகிறது.

போன வருஷத் திருவிழாவுக்குக்
கெடாக்கறி போட்டு அவர்கள் அனுப்பிய தூக்குப்போசி
இன்னும் எங்கள் அலமாரியில்.
வெறுமனே திருப்பக்கூடாது என்று
வைத்தபடியே இருக்கிறது.
இப்போது குழம்பு இருக்கிறது, போசியும் இருக்கிறது.

கழுவித் துடைத்து
மறுபடி மேலே வைக்கிறேன்.