ஆண்கடலுக்கு எழுதிய பெயர்கள்

மூக்கையூர்க் கோட்டையில் நான்தான் ஓலைக்காரன்.
கோரைவேள் சொல்வார், நான் கீறுவேன்,
கரி தடவித் துடைத்து நீட்டுவேன்.
இடுப்பளவு நீரில் இறங்கி விட்டுவிட்டு வருவார்.
மூன்றாம் நாள் இரவு
கடல் எழுந்து நடந்து வரும்
ஒரே ஒரு வீட்டுக்கு.
பக்கத்து வீட்டு அடுப்புச் சாம்பல்கூட நனையாது.

வடக்கே கிடப்பது பெண்கடல், முறையிட்டால் கேட்டுக்கொள்ளும்.
இது ஆண்கடல், பேரம் பேசும்.
வலக்கண்ணைக் கொடுத்து வாங்கிய வரம் என்கிறார்கள்.
கட்டுத்துணிக்குள் நான் பார்த்ததில்லை.

தம்பியைக் கொன்றது யாரென்று
கரைக்கொக்குக்கும் தெரியும்:
நல்லதண்ணித் தீவின் எயினங்கோ.
அம்பின் வாலில் அவன் சிவப்பு இறகு.
முதல் ஓலையன்று எழுத்தாணியைத் தீட்டும்போதே
'எ' போடக் கை வளைந்திருந்தது.

"பூச்சிலை."
எந்தப் பூச்சிலை?
"கிணற்றடிக்காரி."

அவள் என்ன செய்தாள் என்று கேட்க
எனக்குச் சம்பளம் இல்லை.

அடுத்து சங்கு குளிக்கும் முத்தாண்டி.
அதற்கடுத்து, விளக்குத் தூக்கும் பொடியன்.
அவனை ஊரே நண்டு என்றுதான் கூப்பிடும்,
அப்படியே எழுதினேன்.
கடல் குழம்பிப்போய்
கரையிலிருந்த நண்டு வளைகளையெல்லாம்
விடிய விடிய மூடிக்கொண்டிருந்தது.
"அப்பன் வைத்த பெயரை விசாரி" என்றார்.
விசாரித்தேன்.
கந்தவனம்.
நல்ல பெயர். கீறுவதற்கு நான்கு எழுத்தும் ஒரு புள்ளியும்.

ஐந்தாவது ஓலையில்தான் உறைத்தது.
வண்ணார வீட்டு மாயழகு,
அன்று கரையில் வேட்டி விரித்துக் கொடுத்தவர்.

அன்று கச்சான் காற்று.
முத்தாண்டி பிணத்தைத் தோளில் ஏற்றிக் கரை சேர்த்தான்.
பொடியன் விளக்கைப் பிடித்தான்.
பூச்சிலை செம்பில் தண்ணீர் நீட்டினாள்.
வேள் குடிக்கவில்லை.
மீசையில் சளி வழிய
மணலில் முட்டி தேய்த்துக்கொண்டு
"என்னையும் கூட்டிட்டுப் போடா" என்று
ஒரு கன்றுக்குட்டியைப் போலக் கத்தினார்.

எயினங்கோ அதைப் பார்க்கவில்லை.
தன் தீவில் வாளை மீன் தின்றுகொண்டிருந்தான்.
ஆகவே அவன் பெயர்
எந்த ஓலையிலும் வராது.

நான் பார்த்தேன்.
கவிழ்த்துப் போட்ட வத்தைக்குப் பின்னால்
ஒன்றுக்கு ஒதுங்கியவன்,
முடிச்சைக்கூட இறுக்காமல் நின்று பார்த்தேன்.

ஆறு வீடு முடிந்தது.
ஏழாவது ஓலையை மடியில் வைத்துக் காத்திருந்தேன்.
ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் என்னைப் பார்த்தார்.
"அன்றைக்கு வேறு யார் இருந்தார்கள்?"

எச்சில் விழுங்கினேன்.
பொய் சொல்லவில்லை, அதுதான் என் சாமர்த்தியம்.
"கடல் இருந்தது, ஆண்டவரே."

கொஞ்சம் யோசித்தார்.
"எழுது."

மூன்றாம் நாள் விடியலில் கடல் இல்லை.
வல்லங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.
ஆவுளியா ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
பாசி படிந்த நிலைக்கதவுகள் ஆறு,
எந்த வீட்டுக்குமில்லாமல் நின்றன.
அதற்கப்பால் தீவுவரை வெறும் தரை,
எயினங்கோவின் வாசலுக்கு
இனிக் கால் நனையாமல் போகலாம்.

வேள் வாளோடு நடந்தார்.
பாதி வழியில் நின்றார். குனிந்தார்.
சேற்றிலிருந்து ஒரு செம்பை எடுத்து
வேட்டியில் துடைத்தார்.
உள்ளே எட்டிப் பார்த்தார்.
உட்கார்ந்துவிட்டார்.

அப்போது தென்கிழக்கில் ஓர் இரைச்சல்.
கடல் தன் பெயரைப்
படித்து முடித்திருக்க வேண்டும்.

என் குரல் அவ்வளவு தூரம் எட்டும்.
கோட்டை வாசலில் கட்டளை வாசிக்கும் தொண்டை இது.
எழுத்தாணியைக் காதில் செருகிக்கொண்டு
மேட்டைப் பார்த்து நடந்தேன்.