அடிக்கு ஒரு நூல்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
வாடகைப் பத்திரத்தில் மூன்றாவது நிபந்தனை.
பதினொரு பங்கு வீடு,
முட்டை வெண்கரு கலந்து தேய்த்த சுவர்.
ஒரே ஒரு துளைக்கு அனுமதி கேட்டேன்.
ஒன்பது பேர் வாட்ஸப்பில் சரி என்றார்கள்.
ஒருவர் கட்டைவிரல் மட்டும் அனுப்பினார்.
பினாங்கில் இருப்பவர் இன்னும் பார்க்கவே இல்லை.

ஆகவே தூண்.
பின்கட்டில் எட்டுக் கருங்கல் தூண்கள்.
ரப்பர் வைத்துக் கிளாம்ப் இறுக்கினால்
கல்லுக்கும் வலிக்காது, பத்திரத்துக்கும்.

புதுவயல் அரிசி மில்களில்
நிறம் பிரிக்கிற இயந்திரம் உண்டு.
கறுத்த அரிசி ஒன்று கண்ணில் பட்டால்
விழுந்துகொண்டிருக்கும்போதே
ஊசிக்காற்று அதை ஊதித் தள்ளிவிடும்.
ஊதுகிற வால்வு மக்கர் செய்தால்
என்னிடம் வரும், சாக்குப்பையில், தவிடு மணக்க.
கழுவி, சுருள் மாற்றி,
ஊதிப் பார்த்துத்தான் திருப்பித் தரவேண்டும்.
அதற்குக் காற்று வேண்டும்.
ஈரமில்லாத, துருவில்லாத, எண்ணெய் ஏறாத காற்று.

"பிவிசி போடுங்க, பாதி வெல" என்றார் சேவுகன்.
தண்ணியா இருந்தாக் கசியும்,
காத்துன்னா வெடிச்சுச் சில்லுச் சில்லாப் பறக்கும் என்றேன்.
"அப்ப ஜிஐ?"
துரு.
அலுமினியம் என்றதும் என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு காதைப் பார்த்தார், கம்மல் இருக்கிறதா என்று.
சீட்டு எடுத்த பணம் எனச் சொல்லவேண்டி இருந்தது.

காற்றுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று
இந்த ஊரில் யாரிடம் சொல்ல?
ஊருணி வெடித்துக் கிடக்கிற பங்குனியில்
டேங்கின் அடித்திருகைத் திறந்தால்
அரை டம்ளர் வரும்,
பழுப்பாக, செடிக்கும் ஆகாமல்.
அமுங்கிச் சூடான காற்று
குழாயில் ஆறும்போது வியர்க்கும்.
வியர்த்தது எங்காவது போய்ச் சேரவேண்டும்.
ஆகவே சரிவு, அடிக்கு ஒரு நூல்.
தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயின் ஒரு முனையை
சேவுகன் பிடிக்க, மறுமுனையில் நான்,
தூணுக்குத் தூண் பென்சில் கோடு.
முற்றத்து ஓடும் சரிந்துதான் இருக்கிறது.
கட்டியவர்கள் மழையை நினைத்தார்கள்,
நான் வியர்வையை.

கிளைகளைக் குழாயின் முதுகிலிருந்து எடுத்தோம்.
கொக்குக் கழுத்தாக மேலே போய் வளைந்து
பிறகுதான் மேசைக்கு இறங்கும்.
நேரே கீழே எடுத்தால்
முதலில் வருவது தண்ணீர்.
கடைசித் தூணில், எல்லாவற்றுக்கும் கீழே,
ஒரு வடிகால் வால்வு.

பக்கத்து வீட்டு மெய்யம்மை டீச்சர்
இரண்டு முதல் நாலு வரை தூங்குவார்.
அப்போது மோட்டார் ஓடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
டேங்கில் இருப்பதை வைத்தே ஓட்டவேண்டும்.

எட்டு பாரில் நிறுத்தி,
மெயின் வால்வை மூடிவிட்டுப் படுத்தேன்.
விடிகாலை ஐந்து மணிக்கு
முள் ஆறரையில் நின்றது.
ஐந்தரைக்குச் சேவுகனை எழுப்பித் திட்டிவிட்டேன்.
என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை மூட்டு,
பணம் என்ன மரத்திலா காய்க்கிறது
என்றெல்லாம்.

பிறகுதான் ஃபேனை நிறுத்தினேன்.
சோப்புத் தண்ணீர், பழைய பல் பிரஷ்.
முதல் மூட்டு, இரண்டாவது, மூன்றாவது,
சேவுகனுடையவை எல்லாம் வாய் திறக்கவில்லை.
ஏழாவது கிளையில் கடுகளவு ஒரு குமிழ்
மிளகாகி, சுண்டைக்காயாகி,
என்னைப் பார்த்து உடைந்தது.
அவர் சாப்பிடப் போனபோது
நான் பூட்டிய மூட்டு.
டேப்பை மரைக்கு எதிர்த்திசையில் சுற்றியிருக்கிறேன்.

சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.
குமிழைப் பார்த்தார், ரென்ச்சைப் பார்த்தார்.
"டீ சொல்லுங்க" என்றார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை எட்டு.
அதற்கடுத்த நாளும் எட்டு.
பினாங்கிலிருந்து பதில் வந்திருந்தது:
எந்தச் சுவர்?

மதியம் இரண்டேகால்.
மோட்டார் இல்லை. டீச்சர் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.
முதல் வால்வைப் பூட்டி மின்சாரம் கொடுத்தேன்.
டிக்.
மேசையிலிருந்த கறுப்பரிசி ஒன்று
எதிர்த் தூணில் போய்ப் பட்டது.
டிக். டிக்.
முள் இறங்கியது,
நான் செலவழித்த அளவுக்கு மட்டும்.