பொழுதுபோக்கு: கேரம்

அம்பத்தூர் எஸ்டேட் டெப்போவுக்கு எதிரே
ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில்
என் நாற்காலி.
பயோடேட்டா பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

வந்தவர் பெயர் தேசப்பன்.
பதினோரு வருடம் பெயின்ட் ஷாப்.
ஃபேக்டரியை மூடியபோது கொடுத்த கடிதத்தை
லேமினேட் பண்ணி வைத்திருந்தார்.
சட்டையின் வலது தோளில் மட்டும் ஈரம்.

'கடின உழைப்பாளி'ன்னு போடும்மா என்றார்.
அதை எல்லாரும் போடறாங்க சார்,
ஷிஃப்டுக்கு எத்தனை கதவு அடிப்பீங்க?
யோசிக்கவேயில்லை.
நூத்தி நாப்பது. திரும்பி வந்தது மாசத்துக்கு ரெண்டு.
அந்த இரண்டு கதவுகளை
முகம் பார்த்து ஞாபகம் வைத்திருப்பவர் போலச் சொன்னார்.

அப்பா பெயரை எடுத்தேன்.
மதம், எடை, ரேஷன் கார்டு எடுத்தேன்.
கதவு எண் எதுக்கு, ஏரியா போதும் என்று
வியாசர்பாடியை மட்டும் விட்டேன்.
வேலையில்லாத பதினாலு மாதம் தெரியாமலிருக்க
வருடங்களை மட்டும் போட்டு
மாதங்களை விழுங்கினோம்.

பொழுதுபோக்கில்தான் சண்டை.
கேரம் என்றார்.
கேரமுக்கு யாரும் வேலை தரமாட்டாங்க சார்,
இந்த ஒரு வரியால ரெண்டாம் பக்கம் போகுது,
இன்னொரு நாப்பது ஆகும்.
நாற்பதை எடுத்துக் கீபோர்டின் மேல் வைத்தார்.
வாங்க மனசு வரவில்லை.
ஓரத்தை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி
கேரமை உள்ளே அடக்கினேன்.

யார் வந்தாலும் நான் திறப்பது
'ஹசீனா பி.காம்' என்ற என் ஃபைலைத்தான்.
என் பெயர் மேல் அவர்கள் பெயர்,
என் படிப்பு மேல் அவர்கள் படிப்பு.
ஆறு வருடமாக அதற்குள்
ஃபிட்டர்கள், நர்ஸ்கள்,
பாதியில் எழுந்து போன ஒரு எம்.சி.ஏ.
அன்றைக்கு கரன்ட் போய் வந்ததில்
செல் நம்பரை மாற்ற மறந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள்.
யாரோ ஒருவரின் ப்ராஜெக்டுக்கு
ஸ்பைரல் சுற்றிக்கொண்டிருந்தேன்.
"தேசப்பன் இருக்காரா? ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து பேசறோம்."
ராங் நம்பர் என்று சொல்ல வாய் திறப்பதற்குள்,
"நூத்தி நாப்பது கதவு, உண்மைதானா?"
உண்மை.
"ரிட்டர்ன்?"
மாசத்துக்கு ரெண்டு.
"கடைசி வருஷம் எங்க இருந்தார்?"
ஸ்பைரலின் முனை விரலில் குத்தியது.
தண்ணி கேன் போட்டார் என்றேன்.
அவர் சொல்லவில்லை. அவர் தோள் சொன்னது.
எதிர்முனையில் பேனா ஓடியது.
"நீங்க யாரு?"
டைப் பண்ணினவ.
ஒரு சிரிப்பு, அல்லது இருமல்.
"திங்கள் பத்து மணி. ஒரிஜினலோட வரச் சொல்லுங்க."

இன்று சனி.
தெருவை நீக்கியது நான்.
கதவு எண்ணை நீக்கியது நான்.
மின்னஞ்சலோ நானே உருவாக்கிக் கொடுத்தது,
பாஸ்வேர்டுகூட என் நோட்டில்தான் இருக்கிறது.
அந்த ஒற்றைப் பக்கத்தில்
அவரைக் கண்டுபிடிக்க மிஞ்சியிருந்தது
நான் வெட்டப் பார்த்த வரி.

ஷட்டரை இறக்கிவிட்டு பஸ் ஏறினேன்.
வியாசர்பாடியில கேரம் எங்கப்பா ஆடுவாங்க?
"எந்த கேரம்க்கா? எங்க தெருவுலயே மூணு இருக்கு."
முதலாவதில் பசங்க.
இரண்டாவது பூட்டியிருந்தது.
மூன்றாவதில் தாழத் தொங்கும் பல்பு,
பவுடர் வாசனை,
சுற்றிலும் முதுகுகள்.
ஒரு முதுகின் வலது தோளில் ஈரம் காய்ந்த வட்டம்.

சார் என்றேன்.
உஷ் என்று யாரோ கையைக் காட்டினார்கள்.
சிவப்பு விழுந்துவிட்டதாம்,
ஃபாலோ போட்டால்தான் கணக்காம்.

நின்றேன்.
ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்து
ஒரு மயிரிழை நகர்த்தி
மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து
இடது கண்ணைச் சுருக்கினார்,
கதவின் விளிம்பில் வழிந்த பெயின்டைப் பார்ப்பவர் மாதிரி.