தண்ணீர்மலை அடிவாரம்

வாயில் நுழையாத பெயர்.
அந்த ஊர்க்காரர்களுக்கும்
ஆயர் ஈத்தாம் நுழையாது, போகட்டும்.
ஆல்ப்ஸ் இறங்கி முடிகிற இடத்தில்
யாரும் கேள்விப்படாத திராட்சைச் சரிவு.
லேபிள் நனைந்து பாதி உரிந்ததால்
கிடங்கில் குணாளனுக்குப் பாதி விலை.

எங்கள் அடுக்ககம் தண்ணீர்மலை அடிவாரம்.
மைலோ கோப்பைகளில் ஊற்றினாள் பெக் ஹூன்.
"அம்ரா ஜூஸ், அசாம்பொய் போடாதது."
"ஈரக் கல்" என்றான் குணாளன்,
என்றைக்கோ கல்லை நக்கிப் பார்த்தவன்போல்.
எனக்குச் சொல் வரவில்லை.
நாக்கின் ஓரத்தில் எங்கோ பனி உருகி
கூழாங்கற்களோடு
இறங்கிக்கொண்டிருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கொடிமலையைக் காணோம்.
அம்மா அழைத்தாள்: என்ன செய்யிறே?
தண்ணி குடிக்கிறேன்மா.
பொய்யில்லை.

பெக் ஹூன் போத்தலைத் தூக்கி விளக்கில் பார்த்தாள்:
இன்னும் இரண்டு விரற்கடை.